மூணு மணிக்கு மேல அழுத்தலாம்

அழுத்திவிட்டால் ஆச்சு. ஒரே ஒரு தட்டு. சுட்டுவிரலுக்கு அடியில் மவுஸ் இருக்கிறது, அம்புக்குறி அந்த ஆரஞ்சுப் பெட்டி மேல் போய் உட்கார்ந்து வெகுநேரமாகிறது, பெட்டிக்கு மேலே சிவப்பு எழுத்தில் இரண்டு இருக்கைகள் மட்டுமே மிச்சம் என்று போட்டிருக்கிறது, இருக்கை என்று பெயர்தானே தவிர அது படுக்கை, பொத்தானை அமுக்கினால் கால்மாட்டில் நீளும், முதுகுப் பக்கம் பலகை மாதிரி தட்டையாகும், மரகதம் சென்னையில் ஏறிப் படுத்தால் சிங்கப்பூரில் ஒரு விமானம் மாறி மறுபடி படுத்து ஆக்லாந்தில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். சாப்பாட்டு மேசையில் ரசம் சிந்திய இடத்தைத் துடைத்துவிட்டு லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்த அறவாழி, கேட்ட கட்டத்தையெல்லாம் நிரப்பி, இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் விரித்து வைத்து எண்ணைச் சரிபார்த்து, கடைசியில் அழுத்தப் போகிற நேரத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பானேன்? துடைத்தவர் நேராகத் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பானேன்? சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. நகைக்கடைக்காரன் கொடுத்தது. இந்த வீட்டில் அதற்கு இரண்டே வேலை, தேதி பார்க்க ஒன்று, கிழித்த தாளின் முதுகில் மளிகைச் சாமான் எழுத ஒன்று. அதில் அடியில் பொடி எழுத்தில் என்னென்ன போட்டிருக்கும் என்று அறவாழி இத்தனை வருஷத்தில் குனிந்து பார்த்ததில்லை என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை. ராகு ஒன்றரை முதல் மூன்று. கடிகாரத்தில் மணி ஒன்றே முக்கால். விரல் அப்படியே நின்றுவிட்டது. நின்றது விரல்தான், நான் இல்லை என்று அறவாழி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இப்படி ஒரு கேவலம் வரும் என்று யார் கண்டது. யார் வீட்டுப் பிள்ளை? கறுப்புச் சட்டை மாரியப்பன் பிள்ளை! டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துகொண்டு டிக்கெட் கிழிக்கிற கையால் கூட்டத்துக்கு நோட்டீஸும் கொடுத்தவர், ராகு வந்தா ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்புடா, பாவம் வெயில்ல சுத்துறான் என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுகிறவர், மகனுக்குப் பெண் பார்த்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார், சீர் வேண்டாம், செனத்தி வேண்டாம், கல்யாணம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகு காலத்தில்தான். யூனியன் ஆபீஸ் ஹாலில் நடந்தது. மரகதத்தின் அம்மா மாலையை எடுத்துக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, பெண்ணையும் பார்க்கவில்லை, மேடைக்கு எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், போட்டோவில் கூட அப்படித்தான் விழுந்திருக்கிறாள், அந்த போட்டோவைக் காட்டிக் காட்டி அறவாழி எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறார். மரகதம் அன்றைக்கு என்ன பார்த்தாள்? தரையைப் பார்த்தாள். கல்யாணப் பெண் தரையைத்தானே பார்ப்பாள், அதில் என்ன இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் ஒரு நாள் கூட நல்ல நேரம், கெட்ட நேரம் என்று வாயைத் திறந்ததில்லை, வீடு பால் காய்ச்சியது ராகு காலம், மகள் இலக்கியாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எமகண்டம், எல்லாம் நன்றாகத்தானே நடந்தது, அப்படியிருக்க இப்போது இந்த வயசில், பாய்லர் கம்பெனியில் முப்பது வருஷம் அழுத்தமானியைப் பார்த்து முடிவு எடுத்த மனுஷன், நகைக்கடைக் காலண்டரைப் பார்த்து விரலை எடுப்பதாவது. சீ. அழுத்து. அழுத்துடா அறவாழி. சும்மா ஒரு தடவை பணம் கட்டுகிற பக்கத்தைச் சரிபார்த்துவிட்டு அழுத்தலாம் என்றுதான் நிறுத்தினேன், வேறு ஒன்றும் இல்லை, வரி எவ்வளவு என்று பார்க்க வேண்டாமா. பார்த்தார். பார்த்து முடித்தும் விரல் நகரவில்லை.

"என்னங்க, போட்டாச்சா?" உள்ளே கட்டிலிலிருந்து மரகதம் கேட்டாள். "நெட்டு சுத்திக்கிட்டே இருக்கு" என்றார் அறவாழி. நெட் ஒழுங்காகத்தான் இருந்தது. "காலையிலேயே நல்லாத்தானே இருந்துச்சு." "மத்தியானத்துல எல்லாரும் படம் பாப்பாங்கல்ல, அதான்." ஐயோ, எவ்வளவு சுலபமாக வருகிறது பொய். கட்டில் கிரீச்சிட்டது, அவள் புரண்டு படுக்கிறாள், புரளுவதற்கே அவளுக்கு ஒரு வேலை மாதிரி முன்னேற்பாடு வேண்டும், முதலில் முழங்காலை மடக்கி, பிறகு இடுப்பைத் தூக்காமல் உருட்டி, பிறகு ஒரு பெருமூச்சு. அரைமணிக்கு மேல் உட்காரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நியூசிலாந்துக்கா, உக்காந்துக்கிட்டா, விளையாடறீங்களா சார், படுத்துக்கிட்டே போற மாதிரி ஏற்பாடு இருந்தா மட்டும் என்கிட்ட பேசுங்க. இலக்கியாவுக்கு மாசி பிறந்ததும் பிரசவம். தலைச்சன். மாப்பிள்ளை தீபனுக்கு அம்மா இல்லை, அங்கே கூட இருக்க யாரும் இல்லை, பெண் தினமும் வீடியோவில் வந்து நான் சமாளிச்சுக்குவேன்மா, நீ உடம்பப் பாத்துக்க என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுக் கட் பண்ணுவாள், போன வாரம் கட் பண்ண மறந்துவிட்டாள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் அழுதது இங்கே இரண்டு பேருக்கும் கேட்டது, இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் மரகதம் சொன்னாள், "எப்புடியாவது என்னையக் கொண்டுபோய்ச் சேத்துருங்க. மூட்டை மாதிரி கட்டித் தூக்கிக்கிட்டுப் போனாலும் சரி." நம்முடைய ரயிலில் சில நூறு ரூபாய்க்கு நீட்டிப் படுத்துக்கொண்டு சென்னை வரை போய்விட முடிகிறது, ஆகாயத்தில் படுப்பதற்கு ஒரு மனை விலை கேட்கிறான், ஆகாயம் என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா.

அதனால்தான் இந்த மைல். மைல் என்றால் பணம் இல்லை, பணம் மாதிரி, பறந்த தூரத்துக்கு விமானக் கம்பெனி எழுதி வைக்கிற புண்ணியக் கணக்கு என்று அறவாழி மரகதத்துக்கு விளக்கியிருந்தார், பிறகு புண்ணியம் என்ற வார்த்தையைத் தானே சொன்னோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். சுமத்ரா காட்டிலும் ஓமான் வெயிலிலும் பாய்லர் ஏற்றி வைக்கப் போன காலத்தில் சேர்ந்தது கொஞ்சம். எப்போதும் கடைசி வரிசை, கக்கூஸ் பக்கம், முழங்கால் முன் சீட்டில் இடிக்க இடிக்க. ஏறும்போது அந்த முன்பக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், அங்கே சூடான துண்டால் முகம் துடைத்துக்கொண்டு காலை நீட்டியிருப்பவர்கள் இவரைப் பார்க்கவே மாட்டார்கள், இவரும் பார்க்காத மாதிரி பையை இடித்துக்கொண்டு போவார். அவர் ஒரு தடவை இவ்வளவு மைல் சேர்ந்திருக்கிறது பார் என்று பெருமையாகக் காட்டியபோது மரகதம், "அது உங்க மைல் இல்ல, இலக்கியாவ வச்சுக்கிட்டு நான் தனியாக் கெடந்த மைல்" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள், கோபமா வேடிக்கையா என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதிலும் பாதி, எடுக்காமல் விட்டதில் காலாவதியாகிப் போச்சு. மிச்சம் சேர்ந்தது கிரெடிட் கார்டில், இலக்கியா கல்யாண மண்டபம், நகை, பிறகு மரகதத்தின் முதுகு ஆப்பரேஷன். ஆஸ்பத்திரி பில்லைத் தேய்த்ததில் வந்த புள்ளிகள்தான் பெரிய கட்டி. அவள் முதுகைக் கிழித்ததில் வந்த புள்ளியில் அவள் முதுகைச் சாய்க்க ஒரு படுக்கை. இதை நியாயம் என்பதா, என்ன கண்றாவி என்பதா.

நேற்றுத்தான் மாப்பிள்ளை போன் பண்ணினான். "மாமா, சேவர்ல ரெண்டு சீட் தெறந்திருக்கு. எப்ப வேணா மூடிரும். கார்டு பாயிண்ட்ஸ மைல்ஸா மாத்திருங்க, மாத்துனா திரும்ப வராது, ஆனா வேற வழியில்ல." சேவர் என்றால் சல்லிசு, அதே விமானம், அதே படுக்கை, பக்கத்திலேயே ஃபிளெக்ஸி என்று இன்னொரு கட்டம், அதற்கு மட்டும் இரண்டு பங்கு மைல். ஒரே படுக்கைக்கு எப்படி இரண்டு விலை? வாங்குகிறவன் முகத்தைப் பார்த்து விலை சொல்ல இது என்ன காந்தி மார்க்கெட்டா? "மாப்ளே, ரெண்டு சீட்டுல ஒண்ணு போச்சுன்னா ஆர்.ஏ.சி. மாதிரி ஏதும் குடுப்பானா? ஒரு ஆள் படுத்து ஒரு ஆள் உக்காந்து?" "அதெல்லாம் கெடையாது மாமா." "தட்கல்?" அந்தப் பக்கம் தீபன் சிரிப்பை அடக்கியது நன்றாகக் கேட்டது. "மாமா, பாயிண்ட்ஸ் வந்து சேந்த உடனே புக் பண்ணிருங்க. உடனே. யோசிக்காதீங்க." புள்ளிகள் இன்று சாப்பிட உட்கார்ந்தபோது வந்து சேர்ந்தன. போனில் சேதி வந்ததும் கை கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வந்தவர்தான் இந்த அறவாழி. ஒரு வாய் மோரை விட்டிருந்தால், கண்ணாடியைத் துடைக்காமல் இருந்திருந்தால், இந்நேரம் முடிந்திருக்கும், மோர்தான் கெடுத்தது, இல்லை, கண்ணாடிதான். யோசிக்காதீங்க என்று சொன்னால் யோசனை நின்றுவிடுமா, குரங்கை நினைக்காதே என்ற கதைதான். திரையில் திடீரென்று வெள்ளையாக ஒரு பலகை வந்து வெகுநேரம் சும்மா இருந்துவிட்டீர்கள், மறுபடி உள்ளே வாருங்கள் என்றது. கடவுச்சொல்லைப் போட்டு, தப்பு என்றது, மறுபடி போட்டு, தேதியைப் போட்டு, பெயரெல்லாம் மறுபடி அடித்து, இரண்டு இருக்கைகள் மட்டுமே. அப்பாடா. இருக்கிறது. மணி இரண்டு.

இருக்கட்டும், நான் நம்பவில்லை. இதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோம். நம்பவில்லை, ஆனால் மரகதத்தின் முதுகு விஷயத்தில் ஒரு தடவை நம்பாமல் இருந்தாச்சு. அது நம்பாமல் இருந்ததால் வந்தது என்று நான் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை, டாக்டரே முன்னாடி சொன்னார், நூத்துல சிலருக்குப் பாதம் மரத்துப் போகலாம் என்று. அந்தச் சிலரில் மரகதம் ஏன்? செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்றரை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், பச்சைத் துணித் தொப்பிக்குள் அவள் முகம் சின்னதாகப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறது, தியேட்டர் கதவுகிட்டே வந்ததும் அவள் இவர் விரலைப் பிடித்து இழுக்கிறாள், ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள், இவர் குனிகிறார், அவள் ஒரு நொடி இவரையே பார்த்துவிட்டு, "வீட்ல கேஸ மூடுனீங்களா?" என்கிறாள். அடக்கடவுளே, என்ன சிரிப்பு சிரித்தார் அன்றைக்கு! நர்ஸும் சிரித்தாள். தியேட்டருக்குள்ள போறா, கேஸ மூடுனியான்னு கேக்கறா பாருங்க என்று பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார், தீபனுக்குச் சொன்னார், மாடி வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை சொன்னார். வலி போய்விட்டது, இடது பாதம் வரவில்லை. செருப்பு கழன்று விழுந்தால் கூட அவளுக்குத் தெரிவதில்லை, வெறுங்காலில் நாலு அடி நடந்துவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறாள், கை பிடிக்காமல் பாத்ரூம் போக முடியாது. ஒரு மாசம் கழித்து மளிகைச் சாமான் எழுதப் பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பினார், அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாள், ராகு மூன்று முதல் நாலரை. துவரம் பருப்பு ஒரு கிலோ என்று அதன் முதுகில் எழுதிக்கொண்டே இருந்தார், எழுத்து கோணிக்கொண்டு போனது. பருப்பு வாங்கி வந்ததும் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டார். மரகதத்துக்கு இது தெரியாது. நல்லவேளை, தெரியாது. தெரிந்தால் தாங்குவாளா. அவள் பாட்டுக்கு மறந்து கிடக்கிற ஒன்றை நாம் போய்க் கிளறுவானேன் என்று அன்று முதல் காலண்டர் தாளை விடிந்ததும் கிழிப்பதே அவர் வேலையாகிவிட்டது. கிழிக்கும்போது அடியில் கண் போகும். சும்மா போகும். தெருவில் அடிபட்டுக் கிடக்கிற நாயைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தால் கண் அங்கேயே போகுமே, அப்படி.

மின்விசிறி சுருதி குறைந்து நின்றது. வைஃபை பெட்டியில் பச்சைப் புள்ளிகள் செத்தன. கரண்ட் போய்விட்டது. அறவாழிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "கரண்ட் போயிருச்சு மரகதம்!" என்று ஏதோ கோயில் பிரசாதம் வந்த மாதிரி கூவினார். இப்போது பொய் சொல்ல வேண்டியதில்லை, இப்போது ராகுவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, மின்சார வாரியம் பார்த்துக்கொள்ளும். "போன்ல போடுங்களேன்" என்றாள் மரகதம். "போன்ல எழுத்து பொடியா இருக்கு. தப்பாப் போச்சுன்னா மைல் பூராப் போயிரும்." "ம்" என்றாள். அந்த ம் ஒரு மாதிரி இருந்தது. ஒரு மாதிரி என்ன, ம் என்றால் ம். புழுக்கம் ஏறியது. எதிர் வீட்டில் இட்லி மாவு அரைக்கிற சத்தம் பாதியில் நின்றிருந்தது. காலண்டர் தாள் கூட ஆடவில்லை. சரி, அறிவோடு யோசிப்போம். ராகு காலம் என்பது சூரியன் உதிக்கிற கணக்கை வைத்துப் போடுவது. அப்படியென்றால் ஆக்லாந்தில் இப்போது ராத்திரியே ஆகிவிட்டது, அங்கே இன்றைய ராகு காலம் முடிந்து மண்ணாகி எத்தனையோ மணி நேரம் ஆச்சு. போகப் போகிற இடம் அதுதானே? ஆனால் அழுத்துகிற விரல் திருவெறும்பூரில் இருக்கிறது. ஆனால் விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டர் எந்த ஊரில் இருக்கிறதோ, ஜெர்மனியில் என்றால் அங்கே இன்னும் காலைப் பலகாரத் தட்டைக் கூடக் கழுவியிருக்க மாட்டார்கள். ராகு எந்த ஊர்க் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு சுற்றுகிறான்? விரலிலா, கம்ப்யூட்டரிலா, படுக்கையிலா, எதில் வந்து உட்காருவான்? இதைக் கேட்க ஒரு ஜோசியனிடம் போனால் அப்பா சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்து அறைவார். அப்பா, ஒரே ஒரு தடவை. நான் நம்பவில்லை அப்பா, காத்திருக்கிறேன், அவ்வளவுதான், காத்திருப்பது நம்பிக்கையா என்ன, பஸ்ஸுக்குக் கூடத்தான் காத்திருக்கிறோம். வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனை என்னடா சொல்லுவே என்று அப்பா திருப்பிக் கேட்கிறார், தோளில் தோல் பையைச் சரித்துக்கொண்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு.

பயம் இப்போது வேறு பக்கத்திலிருந்து வந்தது. இவர் மூன்று மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பார், சரி, அந்த இரண்டு படுக்கையும் உட்கார்ந்திருக்குமா? எங்கேயோ ஒரு ஊரில் ராகுவும் தெரியாத கேதுவும் தெரியாத ஒருத்தன், பெண்டாட்டியோடு கடற்கரைக்குப் போகிறவன், காப்பியைக் குடித்துக்கொண்டே அதே ஆரஞ்சுப் பெட்டி மேல் விரலை வைத்திருப்பான். அவனுக்கு என்ன முதுகு ஆப்பரேஷனா, பிள்ளைப் பேறா, சும்மா ஆசைக்குப் படுத்துக்கொண்டு போகிறவன். அவன் அழுத்திவிட்டால்? போய் எழுப்பி மரகதம், சீட் போச்சு என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? ஏன் போச்சு என்றால்? நெட்டு சுத்துச்சு. கரண்ட் போச்சு. இலக்கியாவிடம்? அப்பா அறிவாளி, அப்பா எதுக்கும் பயப்பட மாட்டாரு என்று கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துப் பேசின பெண்ணிடம்? பிறகு இன்னொரு யோசனை வந்தது. சென்னையில், மதுரையில், சிங்கப்பூர்ச் சிராங்கூன் ரோட்டில், இவரை மாதிரியே எத்தனை பேர் காலண்டரையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்களோ? மூன்று அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் அழுத்துவார்களே! தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபத்தில் நல்ல நேரம் முடியப் போகிறது என்றதும் மொய் எழுதுகிற இடத்தில் விழுகிற கூட்டம் மாதிரி. அதற்கு ராகு காலமே மேல், இப்போதுதான் கூட்டம் இருக்காது, புத்திசாலி இப்போதுதான் அழுத்துவான். அப்படியானால் அழுத்து. கரண்ட் இல்லையே. போன் இருக்கிறதே. எழுத்து பொடி. கண்ணாடி இருக்கிறதே. போனைக் கையில் எடுத்தார். வைத்தார். அந்தப் பச்சைத் தொப்பி. விரலைப் பிடித்து இழுத்தது. மறுபடி எடுத்தார், கை வேர்த்துப் போனைத் திறக்கவே இரண்டு முறை ஆயிற்று, அதற்குள் மின்விசிறி ஒரு முனகல் முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்று வர, பக்கம் திறந்து வர, கடவுச்சொல் கேட்க, பெயர் கேட்க, அறவாழி ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. அழகாக, ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். இவ்வளவு நிதானமாக மரகதம் என்ற பெயரை வாழ்நாளில் எழுதியதில்லை. பக்கத்தில் சிவப்பு எழுத்து இன்னும் வரவில்லை, அது கடைசிப் பக்கத்தில்தான் வரும். கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டை முட்டிக்கொண்டு நின்றது, முட்டிக்கொண்டே நின்றது, இந்தக் கடிகாரம் இரண்டு நிமிஷம் வேகமா மெதுவா என்று திடீரென்று சந்தேகம் வந்தது, போனைப் பார்த்தார், லேப்டாப்பின் மூலையைப் பார்த்தார், மூன்றும் மூன்று விதமாகச் சொல்லின. எல்லாம் தாண்டட்டும். அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது, தூங்கி எழுந்த குரல் இல்லை, இவ்வளவு நேரமும் விழித்திருந்த குரல்.

"என்னங்க. மூணாயிருச்சு. இப்ப அழுத்தலாம்ல?"

அறவாழிக்குக் காது மடல் வரை சுட்டது. என்ன சொன்னாள்? எதைச் சொன்னாள்? மூணாயிருச்சு என்றால் மணி மூன்றாயிற்று, இவ்வளவு நேரமாயிற்றே என்ற அர்த்தமாக இருக்கலாம், இருக்கும், அதுதான். பதிலுக்கு விரல்தான் வந்தது. அழுத்தினார். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி நின்று, மன்னிக்கவும் என்று ஆரம்பித்து ஒரு பத்தி ஆங்கிலம் வந்தது, கண் அதில் எதையும் படிக்காமல் வழுக்கிக்கொண்டு கீழே போய்ச் சிவப்பு எழுத்தில் விழுந்தது. ஒரு இருக்கை மட்டுமே. ஒன்று. எப்போது போயிற்று? மோர் குடித்தபோதா, கரண்ட் போனபோதா, இப்போது மரகதம் என்று அழகாக எழுதிக்கொண்டிருந்தபோதா? நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்து போய் அறை வாசலில் நின்றார். "மரகதம்... ஒண்ணுதான் இருக்கு. ஒண்ணு போயிருச்சு." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "பின்பக்கம் இருக்கா?" "எது?" "நீங்க எப்பவும் போவீங்கல்ல, கக்கூஸ் பக்கம். அது இருக்கா?" "அது இருக்கும். ஆனா உன்னை யாரு கை பிடிச்சு... நடுவுல தெரை போட்டிருவான் மரகதம், அந்தப் பக்கத்து ஆளு இந்தப் பக்கம்..." "தெரைதானே, செவுரா? அங்க வேலை பாக்குற பொண்ணுககிட்ட உங்களக் கூப்புட்டு விடச் சொல்றேன், வந்து கை குடுங்க. நேத்து மாப்ளகிட்ட கேட்டீங்கல்ல, ஒரு ஆள் படுத்து ஒரு ஆள் உக்காந்துன்னு. அதான் கெடைச்சிருக்கு. போங்க, போய் அழுத்துங்க, நின்னுக்கிட்டு இருக்காதீங்க."

ஓடினார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை. அவள் பெயருக்கு அந்த ஒன்று, தன் பெயருக்குப் பின்பக்கம் ஒன்று, போனில் வந்த எண்களைப் பார்த்துப் பார்த்து அடித்து, வட்டம் சுற்றி, சுற்றி, பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது. உறுதி. இரண்டு பேர் பெயரும் வந்தது. "வந்துருச்சு! மரகதம், வந்துருச்சு!" குரல் உடைந்தது, உடைந்தால் உடையட்டும். உள்ளே போனார். அவள் சிரித்தாள், அப்படியே கண்ணோரம் வழிந்தது, படுத்திருப்பதால் காதுப் பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது, இலக்கியாகிட்ட நான்தான் சொல்லுவேன், நீங்க சொல்லக் கூடாது என்றாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லிவிட வேண்டும், இந்த நெட்டு, கரண்ட் எல்லாம். "மரகதம், நான் வந்து மத்தியானம்..." "தெரியும்" என்றாள். "நெட்டு சுத்துனா நீங்க கத்துவீங்க. இன்னிக்கு சத்தமே இல்ல. அப்பவே நெனச்சேன். நானும் பேசாமக் கெடந்தேன். தாண்டட்டும்னுதான் இருந்துச்சு எனக்கும்." அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் விசிறியைப் பார்த்துக்கொண்டே, ஏதோ கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்லுகிற மாதிரி சொன்னாள், "ஆப்பரேசன் அன்னிக்கும் பாத்தேங்க. தள்ளிக்கிட்டுப் போறப்ப செவுத்துல மூணரை. செவ்வாக்கெழமை. கொஞ்ச நேரம் கழிச்சு வச்சுக்கச் சொல்லுங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நீங்க சிரிப்பீங்களேன்னு கேஸ மூடுனீங்களான்னு கேட்டேன்."

அந்தக் கேஸ் கதையை எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்தாச்சு. கால்மாட்டில் போர்வைக்கு வெளியே இடது பாதம் தனியாக, யாருடையதோ மாதிரி கிடந்தது. இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்தார். குளிர்ந்திருந்தது. "தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியல" என்றாள் மரகதம். "கைய எடுக்காதீங்க."